கரவனுக்குள் தண்ணீர் வந்த செவ்வாய்க்கிழமை

காலுறை நனைகிறது என்று யோகாவுக்கு உறைத்தபோது, அவள் தொலைபேசியில் ஒரு டாக்டருக்கும் ஓர் இளம் தாய்க்கும் நடுவில் இருந்தாள். அவர்கள் இருவரும் எங்கோ ஓர் ஆஸ்பத்திரி அறையில் இருந்தார்கள். அவள் மெல்பேர்னின் தென்கிழக்கு ஓரத்தில், கிரான்பர்னில் உள்ள ஒரு கரவன் பார்க்கில், காரில் கொழுவி இழுத்துப்போகும் இருபத்திரண்டு அடி நீளக் கரவன் வீட்டின் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் இருந்தாள். டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழிலும், தாய் தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும் மாற்றிச் சொல்லும் உரைபெயர்ப்பாளர் வேலை அவளுடையது. பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறாள். அந்த அழைப்பில் என்ன பேசப்பட்டது என்பதை அவள் பிறகு ஒருவருக்கும் சொல்லவில்லை. பிள்ளைக்கு மருந்து கொடுக்கும் முறையை டாக்டர் விளக்கினார் என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

குனிந்து பார்த்தாள். மேசைக்கடியில் தரைவிரிப்பு கறுத்துப்போயிருந்தது. கட்டில் பக்கத்திலிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். முதலில் வெளியே யாரோ வாகனத்துக்குத் தண்ணீர் அடிக்கிறார்கள் என்றுதான் அதைக் கேட்டும் கேளாமல் இருந்திருக்கிறாள். இப்போது பார்த்தால், கட்டிலின் அடிப்பெட்டிப் பலகைக்குக் கீழிருந்து தண்ணீர் ஒரு கையகலத்துக்குப் பரவி வந்துகொண்டிருந்தது. அது போகும் வழியில், தரையில், கணினிக்கும் ஹீட்டருக்கும் மின்சாரம் கொடுக்கும் நீளமான பிளக் பலகை கிடந்தது.

டாக்டர் அப்போது மில்லிலிட்டர் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் ஒரு சொல் தவறினாலும் பிள்ளைக்குத்தான் ஆபத்து. யோகா அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே, பிளக் பலகையை வயரில் பிடித்து மெல்லத் தூக்கி மேசைமேல் வைத்தாள். தேத்தண்ணீர்க் கோப்பை சரிந்தது. சரியட்டும் என்று விட்டாள். டாக்டர் இடையில் நிறுத்தி, அங்கே ஷவர் ஏதும் ஓடுகிறதா என்று கேட்டார். உரைபெயர்ப்பாளர் தன்னைப் பற்றிப் பேசும்போது 'நான்' என்று சொல்வதில்லை. 'உரைபெயர்ப்பாளரின் இடத்தில் சிறிது சத்தம், உரைபெயர்ப்பாளர் மன்னிப்புக் கேட்கிறார்' என்று இரண்டு மொழியிலும் சொன்னாள். அழைப்பை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம்தான். ஆனால் அந்தத் தாய் இரண்டு மணித்தியாலம் காத்திருந்து கிடைத்த தமிழ்க் குரல் அவளுடையது. இரண்டு கால்களையும் கதிரைமேல் தூக்கிவைத்துக்கொண்டு, கடைசிக் கேள்வி வரைக்கும் இருந்து முடித்தாள். பதினான்கு நிமிடம் எடுத்தது.

முடிந்ததும் நனைந்த காலுறையோடு வெளியே ஓடி, பார்க்கின் கம்பத்தில் இருந்த தண்ணீர்க் குழாயை மூடினாள். ஜூலை மாதக் குளிர் காலால் ஏறிப் பல்லைக் கிட்டவைத்தது. குழாயை மூடிய கையை எடுக்காமல் அப்படியே நின்று பார்த்தாள். குழாய்க்கும் கரவனுக்குப் போகும் ஹோஸுக்கும் நடுவில் எப்போதும் ஒரு பித்தளை உருண்டை இருக்கும். பார்க்கின் தண்ணீர் வரும் வேகத்தைக் குறைத்து உள்ளே விடுகிற பிரஷர் வால்வு அது. கரவன் வாங்கிய நாளில், அதைப் பூட்டாமல் ஒருநாளும் தண்ணீர் திறக்கக்கூடாது என்று விற்றவர் விரலை நீட்டிச் சொல்லியிருந்தார். இப்போது அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. ஹோஸ் நேரே குழாயில் பூட்டியிருந்தது.

அதைக் கழற்றக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான். அவரைத்தான் காணவில்லை.

விக்னராஜா யோகாவின் கணவர். வயது அறுபத்தொன்று. ஊரில் இருந்த காலத்தில் கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதியில் வேலை பார்த்தவர். குளம், மதகு, வாய்க்கால் என்று நாளெல்லாம் தண்ணீரோடு நின்றவர். அவுஸ்திரேலியாவுக்கு வந்தபின் இருபது வருடம் சிட்னியில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அந்த இரைச்சலில் ஒரு காதின் கூர்மை போய்விட்டது. மெரிலேண்ட்ஸில் இருந்த வீட்டை விற்று, மகள் தர்ஷனாவுக்குப் பக்கமாக இருப்போம் என்று கிரான்பர்னில் காணி வாங்கி வீடு கட்டக் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் முடியும் என்று கட்டுபவர் சொன்னார். மூன்று மாதத்துக்கு ஒருவரும் வாடகை வீடு தரவில்லை. தர்ஷனாவின் வீட்டில் அறைகள் இரண்டு. அவளுடைய மாமியார் வேறு வந்து இருந்தா. அதனால்தான் இந்தக் கரவன். வந்து ஏழு மாதமாகிறது. வீட்டுக்கு இன்னும் கூரை ஓடு ஏறவில்லை.

யோகாவின் வேலையில் ஒரு சட்டம் உண்டு: அழைப்பு நடக்கும்போது அறையில் வேறு ஒருவரும் இருக்கக்கூடாது. கரவனில் இருப்பதே ஓர் அறை. ஆகவே தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் விக்னராஜா ஜக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போவார். ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு தடவை. வெளியே செய்வதற்கு ஒன்றும் இல்லாத மனிதர் கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றிப் பூட்டத் தொடங்கினார். முதலில் கதவுப் பிணைச்சல். பிறகு காஸ் சிலிண்டர் தாங்கி. ஒரு கிழமை முழுக்க ஜன்னல் கொழுவிகள். யோகா பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். இருந்ததன் பலனைத்தான் இப்போது தரையில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யோகா அவருக்குப் போன் எடுத்தபோது, அவர் தங்களுக்காகக் கட்டப்படும் வீட்டின் வாசலில் நின்றார். தினமும் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வருவார். தண்ணீர் வந்த கதையை அவள் சொல்லி முடிக்குமுன்னே, ஒன்றிலும் கைவைக்க வேண்டாம், தான் வருகிறேன் என்றார்.

அவர் வருவதற்கிடையில் யோகா ஆள் தேடினாள். முதல் பிளம்பர் 'கரவன்' என்ற சொல்லைக் கேட்டதும் நல்லபடியாக மன்னிப்புக் கேட்டுப் போனை வைத்துவிட்டார். இரண்டாமவர், வீட்டுக் குழாய் வேறு, கரவன் குழாய் வேறு, அது கரவன் திருத்துபவர்களுடைய வேலை என்றார். கரவன் திருத்துபவரோ, அடுத்த மாதம் ஐந்தாம் தேதி இடம் இருக்கிறது, இழுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். ஏழு மாதமாக ஓரிடத்தில் நின்று, முன்னால் கூடாரம் அடித்து, சில்லுகளுக்குக் காற்றே இருக்கிறதோ தெரியாத கரவன் அது. அதைவிட, அதற்குள்தான் அவர்கள் குடியிருக்கிறார்கள். வீட்டையே தூக்கிக்கொண்டு பழுதுபார்க்க வா என்று யாராவது சொல்வார்களா என்று அவளுக்கு வந்தது. வாய்வரை வந்ததை விழுங்கி, நன்றி சொன்னாள்.

பார்க்கின் பொறுப்பாளர் மோனிகா மஞ்சள் ஜக்கெட்டோடு நடந்து வந்து பார்த்தாள். கம்பம்வரை பார்க்கின் பொறுப்பு, ஹோஸிலிருந்து உங்களுடைய பொறுப்பு என்று, கம்பத்துக்கும் ஹோஸுக்கும் நடுவில் கையால் ஒரு கோடு கிழித்துக் காட்டினாள். அந்தக் கையாலேயே யோகாவின் தோளைத் தட்டி, பொதுக் குளியலறையில் இன்றைக்கு வெந்நீர் நன்றாக வருகிறது என்றும் சொல்லிவிட்டுப் போனாள். அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் இன்னும் எரிச்சல்.

விக்னராஜா வந்தபோது கையில் ஒரு சிலிக்கன் டியூபும் இரண்டு உருளை டேப்பும் இருந்தன. வழியில் கடையில் நின்றிருக்கிறார். மெத்தையைச் சுவரோடு சாத்தி, கட்டிலடிப் பலகையைத் தூக்கினார்கள். உள்ளே வெந்நீர்ப் பெட்டிக்குப் பின்னால் நீலக் குழாய் ஒன்று அதன் முழங்கையிலிருந்து விலகிக் கிடந்தது. முழங்கை என்றால், குழாய் வளைகிற இடத்தில் இரண்டு துண்டுகளைப் பிடித்து வைத்திருக்கும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் இணைப்பு. யோகா வால்வைப் பற்றிக் கேட்டாள். அதைப் பிறகு பார்ப்போம் என்றார். முதலில் நோயைப் பார்க்க வேண்டும், காரணம் பிறகு என்றார்.

"இது சின்னப் பிரச்சினை யோகா. நீர் ஏன் பதறுறீர்? நான் மதகு உடைஞ்ச குளத்தையே அடைச்சனான்."

அந்தக் குளத்தைப் பற்றி முப்பது வருடமாகக் கேட்டு வருகிறாள். அதற்குள் படுக்கை போட்டுப் படுத்தவர்கள் ஒருவரும் இல்லை.

குழாயை முழங்கைக்குள் செருகி, சுற்றிவர சிலிக்கன் பூசி, அதன்மேல் டேப்பைச் சுற்றினார். நன்றாகக் காய்ந்துவிட்டது என்று அரை மணித்தியாலத்தில் தானே தீர்ப்பும் சொன்னார். யோகாவைக் குழாயடிக்கு அனுப்பிவிட்டு, கட்டிலடிப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு, திறக்கச் சொல்லிக் கையைத் தட்டினார். அவள் திறந்தாள். உள்ளே ஒரு வெடிப்புச் சத்தமும், அதன் பின்னால் விக்னராஜாவின் இருமலும் கேட்டன. குழாயை மூடிவிட்டு ஓடிவந்து பார்த்தால், மூக்குக்கண்ணாடியில் சிலிக்கன் ஒட்ட, சட்டை மார்போடு நனைந்து, பெட்டிக்குள்ளிருந்து எழும்பிக்கொண்டிருந்தார். காலையில் தப்பியிருந்த மெத்தையின் கால்மாட்டுப் பக்கமும் இந்த முறை நனைந்துபோயிருந்தது.

டேப் காணாது, இன்னும் இரண்டு உருளை வேண்டும் என்றார்.

அதற்கு மறுமொழி சொல்ல யோகாவுக்கு நேரம் இருக்கவில்லை. இரண்டு மணிக்கு முன்கூட்டியே பதிந்த வேலை ஒன்று இருந்தது. கணினியையும் ஹெட்செட்டையும் தூக்கிக்கொண்டு காருக்குள் போய் இருந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஒரு மணித்தியாலம் பேசினாள். காருக்கு வெளியே விக்னராஜா தரைவிரிப்பை உருட்டிக் கொண்டுபோய் மோனிகாவின் வேலியில் போடுவதைப் பார்த்தாள். வாளியில் தண்ணீர் அள்ளி ஊற்றுவதைப் பார்த்தாள். பன்னிரண்டு வாளி எண்ணினாள். நடுவில் தர்ஷனாவின் குறுஞ்செய்தி வந்தது: அப்பா நோர்மலா கதைக்கிறார், அப்ப பெரிய பிரச்சினைதானே, ஜஸ்ட் இஞ்ச வாங்கோ. நனைந்த பெட்டிகளோடு சம்பந்தி வீட்டுக் கூடத்தில் போய் இறங்குவதை நினைக்கவே யோகாவுக்குத் தலை வலித்தது.

வேலை முடிந்து கரவனுக்கு வந்தபோது அவர் இன்னொரு டேப் உருளையை உரித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளுக்குப் பொறுமை விட்டது.

"அந்த வால்வு எங்க?"

"எந்த வால்வு?"

"தெரியாத மாதிரிக் கேக்காதேங்கோ. நீங்கள் கழட்டினனீங்களோ இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

விக்னராஜா டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குழாய் என்றால் ஒருநாள் விலகத்தான் செய்யும், பழைய கரவன், விற்றவன் சரியில்லை என்றெல்லாம் சொன்னார். கேள்விக்குப் பதில் வரவில்லை. யோகா அவர் கையிலிருந்த டேப்பை வாங்கி ஜன்னலால் வெளியே போட்டாள். முப்பத்திரண்டு வருடக் கல்யாணத்தில் அவள் ஒரு பொருளை எறிந்தது அதுதான் முதல் தடவை. எறிந்துவிட்டு, கரவன் திருத்துபவருக்குத் திரும்பப் போன் எடுத்தாள். கரவன் வர முடியாது, நீங்களும் வர முடியாது, சரி, பத்து நிமிடம் போனில் சொல்லித் தரவாவது முடியுமா என்று கேட்டாள். அவளுடைய குரலில் என்ன இருந்ததோ, அந்த மனிதர் வேறு கதை கதைக்காமல் சம்மதித்தார்.

போனை ஸ்பீக்கரில் போட்டாள். கட்டிலடிப் பெட்டிக்குள் படுத்து வேலை செய்ய வேண்டியவர் விக்னராஜா. ஆனால் திருத்துபவரோ சொற்களை வாய்க்குள்ளேயே மென்று, அரைவாசியை விழுங்கிவிட்டுப் பேசுகிற ஆள். கேட்காத காதுக்கு அந்தப் பேச்சு பிடிபடவில்லை. அவன் என்ன சொல்கிறான், என்ன சொல்கிறான் என்று இரண்டு தடவை பெட்டிக்குள்ளிருந்து கேட்டார். சரி என்று யோகா நிலத்தில் குந்தினாள். போனைத் தரையில் வைத்துக்கொண்டு, தன் தொழிலைத் தொடங்கினாள்.

தொழிலில் விதிகள் இரண்டு. ஒன்றும் கூட்டக்கூடாது, ஒன்றும் குறைக்கக்கூடாது. பேசுகிறவர் 'நான்' என்றால் உரைபெயர்ப்பாளரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். பதினோரு வருடத்தில் அந்த விதிகள் அவளுடைய நாக்கில் ஊறிப்போய்விட்டன.

திருத்துபவர் முதலில் கேட்டது, பிரஷர் வால்வு பூட்டியிருந்ததா என்று. இல்லை என்று யோகா சொன்னாள். அவர் ஒரு பெருமூச்சு விட்டு அடுத்ததைக் கேட்டார். அதில் இருந்த ஒரு வசைச்சொல்லை விழுங்கிவிடலாமா என்று யோகா ஒரு கணம் நினைத்தாள். விழுங்கவில்லை.

"அந்த வால்வைக் கழட்டின மடையன் ஆர் எண்டு கேக்கிறன்," என்று தமிழில் சொன்னாள்.

பெட்டிக்குள்ளிருந்து, "அது தானாக் கழண்டு விழுந்தது எண்டு சொல்லும்," என்று வந்தது.

அவள் அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை. மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. பின் அவர் சொன்னதைத் தமிழில் தந்தாள்.

"முப்பது வருசமா இந்த வேலை செய்யிறன். தானாக் கழண்டு விழுந்த வால்வை நான் ஒருநாளும் காணேல்லை."

விக்னராஜா பெட்டிக்குள்ளேயே கிடந்தார். அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஒரு காலில் காலுறை இல்லை. குரல் வந்தபோது அது போனுக்குச் சொல்வதுபோல வந்தது, அவளுக்குச் சொல்வதுபோல இல்லை.

"சரி, நான்தான் கழட்டினனான். குளிக்கேக்க தண்ணி நூல் மாதிரித்தான் வரும். என்ரை மனிசி ஒவ்வொரு நாளும் தலை முழுகிப்போட்டு வந்து அதைச் சொல்லுவா. குளிருக்குள்ள சவுக்காரம் போகாமல் நடுங்கிக்கொண்டு வாறவ. நேற்றுக் கழட்டிப் பாத்தன், தண்ணி நல்லா வந்தது. அவவுக்குச் சொல்லேல்லை."

யோகா வாயைத் திறந்தாள். நேற்று மாலை ஷவரில் தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. பார்க்கில் ஆட்கள் குறைவுபோல என்று நினைத்துக்கொண்டு, வெகுநாளைக்குப் பிறகு ஆறுதலாகத் தலை முழுகிவிட்டு வந்தாள். இப்போது அதையெல்லாம் சொல்ல அவளுக்கு இடமில்லை. அவள் நடுவில் இருப்பவள். "நான்தான் கழற்றினேன்," என்று ஆங்கிலத்தில் தொடங்கி, "என் மனைவி ஒவ்வொரு நாளும் சொல்வா" என்பதையும், நடுங்கியதையும், சவுக்காரத்தையும் ஒன்று விடாமல் தன் வாயாலேயே சொல்லி முடித்தாள். முடித்ததும் கோபம்தான் வந்தது. நாள் முழுக்கத் திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததை இந்த மனிதர் ஒரு நிமிடத்தில் பாதியாக்கிவிட்டார். சொல்லிவிட்டுக் கழற்றியிருந்தால் என்ன? காலையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?

திருத்துபவர் ம், விளங்குகிறது என்று மட்டும் சொன்னார். மனைவி குளிரில் நடுங்குகிற விஷயம் அவருக்கும் தெரியும்போல. அதன்பிறகு வேலையைப் பற்றித்தான் பேச்சு. சிலிக்கனை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். குழாயின் நுனியைக் கூரான கத்தியால் நேராக வெட்ட வேண்டும், சரிவாக வெட்டினால் மறுபடி கழன்றுவிடும். முழங்கையில் வெடிப்பு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு இருந்தது. பன்னிரண்டு மில்லிமீட்டர் முழங்கை ஒன்று வாங்கிப் பூட்டுங்கள், உள்ளே தள்ளும்போது இரண்டு இடத்தில் தடக்கும், இரண்டாவது தடக்கும்வரை தள்ளுங்கள் என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

விக்னராஜா கடைக்குப் போய்ப் பதினைந்து மில்லிமீட்டர் முழங்கை வாங்கிக்கொண்டு வந்தார். வீடுகளுக்கு அதுதான் போடுவார்கள் என்று கடையில் நின்றவர் சொன்னாராம். யோகா கார்ச் சாவியைக் கையில் எடுத்தாள். இந்த முறை இருவருமாகப் போனார்கள். போகும் வழியெல்லாம் அவள் ரோட்டைப் பார்த்தாள், அவர் ஜன்னலைப் பார்த்தார்.

இருட்டுவதற்குச் சற்று முன் குழாயைக் கொஞ்சங் கொஞ்சமாகத் திறந்தார்கள். முழங்கை பிடித்தது. கம்பத்தில் பித்தளை வால்வு மறுபடியும் ஏறியிருந்தது. அதை அவர் தயிர் டப்பா ஒன்றுக்குள் ஆணிகளோடு போட்டு வைத்திருந்தார். தண்ணீர் பழையபடி நூல்போல வந்தது.

இரண்டு நாள் தர்ஷனாவின் வீட்டில்தான் இருக்க வேண்டி வந்தது. சம்பந்தி அம்மா நன்றாகக் கவனித்தா. மூன்று வேளையும், கரவன் வாங்க வேண்டாம் என்று தான் அன்றைக்கே சொன்னதாகவும் சொன்னா. மெத்தை காய ஐந்து நாள் பிடித்தது. தரைப்பலகை ஊதி, கட்டிலடி இழுப்பறை ஒன்று பாதிக்குமேல் திறக்க மறுத்தது. வீடு நவம்பரில் முடியும்வரை அது அப்படியேதான் இருந்தது. குளியலுக்கு யோகா பார்க்கின் பொதுக் குளியலறைக்கே போய்வரத் தொடங்கினாள். மோனிகா சொன்னது உண்மைதான், வெந்நீர் அங்கே நன்றாக வந்தது. குளிர்காலை ஆறு மணிக்குத் துவாயும் வாளியுமாக அவள் புறப்பட்டால், வழியில் தேங்கி நிற்கும் தண்ணீரில் அவள் கால் வைத்துவிடாமல், விக்னராஜா டோர்ச்சோடு முன்னால் நடந்துபோவார்.

அந்த மாதக் கடைசியில் பக்கத்து இடத்துக்கு அடிலெய்டிலிருந்து ஒரு தம்பதி கரவனோடு வந்தார்கள். அவர்கள் ஹோஸை எடுத்துக் குழாயில் பூட்டப் போன நேரம், யோகா உள்ளே அடுத்த அழைப்புக்காகக் காத்திருந்தாள். விக்னராஜா அவர்களிடம் போய்ப் பேசுவது ஜன்னலால் கேட்டது. பிரஷர் வால்வு இல்லாமல் ஒருநாளும் தண்ணீர் திறக்கக்கூடாது, ஆட்களுக்கு இது விளங்குவதில்லை, தான் தண்ணீர்த் துறையிலேயே வேலை பார்த்தவன், அதனால்தான் தனக்குத் தெரியும் என்று ஆறுதலாக விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். அந்த மனிதர் நன்றி சொல்லிக் கைகொடுத்தார்.

யோகா எழும்பிப் போய் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.